சின்ன தீவுல மழை தண்ணிய எங்க வைக்கிறது?

சின்ன தீவுல தண்ணி பஞ்சம்னு சொன்னா உடனே நம்ம மனசுல வர்றது மழையே பெய்யாத ஒரு காஞ்ச இடம். நிஜம் பெரும்பாலும் அப்படி இல்ல. பசிபிக்ல இருக்கிற துவாலு நாட்ட எடுத்துக்கோங்க, அதோட தலைநகரம் ஃபுனாஃபுட்டில சாதாரண வருஷத்துல 3,000 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டும், அவ்ளோ மழைய பார்க்காத ஊருங்க தான் உலகத்துல அதிகம். ஆனா 2011 செப்டம்பர் கடைசில அங்க அவசரநிலை அறிவிச்சாங்க, ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு ரெண்டு வாளி தண்ணி, மொத்தம் 40 லிட்டர், அவ்ளோ தான். அஞ்சு பேர் இருக்கிற வீடுன்னா ஆளுக்கு 8 லிட்டர். பேரிடர் நேரத்துல ஆளுக்கு 15 லிட்டராவது வேணும்னு உதவி அமைப்புகள் கணக்கு வைக்கிறாங்க, அதுல பாதி தான் இது. என்ன நடந்துச்சுன்னா லா நினா, அதாவது பசிபிக் கடலோட நடுப்பகுதி வழக்கத்த விட குளிர்ந்து மழை இடம் மாறுற நிலை, வந்து சில மாசம் மழை குறைஞ்சுது, அவ்ளோ தான். வருஷக்கணக்கா வறட்சி எல்லாம் இல்ல. சில மாசத்துலயே ஊர் திணறிடுச்சு.

பெய்யிற மழைய பிடிச்சு வைக்க அங்க பாத்திரம் இல்ல, அதான் விஷயம். பெரிய நிலப்பரப்புல மழை நின்னாலும் ஆறு இருக்கும், ஏரி இருக்கும், குளம் இருக்கும், பாறைக்கு கீழ ஆழத்துல போன வருஷத்து தண்ணி இருக்கும். துவாலு மாதிரி பவளத்தீவுல இது எதுவுமே கிடையாது. தரை முழுக்க மணலும் பவள துண்டும், மழை விழுந்த அஞ்சு நிமிஷத்துல உள்ள எறங்கிடும், தேங்கி நிக்க குட்டை கூட இருக்காது. அப்ப அந்த தண்ணி எங்க தான் போகுது?

இத புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரியும், அதனால கொஞ்சம் பொறுமையா சொல்றேன். கடற்கரை மணல்ல கையால ஊத்து தோண்டி பார்த்தவங்களுக்கு தெரியும், அலை அடிக்கிற இடத்துல இருந்து கொஞ்சம் தள்ளி தோண்டினா சில இடத்துல குடிக்கிற மாதிரி தண்ணி ஊறும். அது ஏதோ அதிசயம்னு நினைப்போம். கடல் தண்ணி நல்ல தண்ணிய விட கொஞ்சம் கனம், 1,000 கிலோ நல்ல தண்ணி அடையுற அதே இடத்துல கடல் தண்ணி சுமார் 1,025 கிலோ இருக்கும். அதனால தீவுக்குள்ள எறங்குற மழை தண்ணி, மண்ணுக்குள்ள ஏற்கனவே ஊறி இருக்கிற கடல் தண்ணி மேல மிதக்கும். நடுவுல தடிமனா, ஓரத்துல மெல்லிசா, ரெண்டு பக்கமும் குவிஞ்ச கண்ணாடி மாதிரி இருக்கும்ங்கிறதால அதுக்கு லென்ஸ்னே பேர் வச்சுட்டாங்க. 1888-89 வாக்குல நெதர்லாந்து ராணுவ எஞ்சினியர் கைபன்ங்கிறவர் இத எழுதினார், அப்புறம் 1901ல ஹெர்ஸ்பெர்க்னு ஒரு ஜெர்மன் எஞ்சினியர் நோர்டர்னைங்கிற தீவுல கிணறு வேலை பார்த்தப்போ அவரா தனியா கண்டுபிடிச்சார். கணக்கு என்னன்னா, கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி 1 மீட்டர் நின்னா கீழ 40 மீட்டர் வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும்.

கேட்க சந்தோஷமா இருக்குல்ல? அதே கணக்க திருப்பி போட்டா தான் வயித்துல புளிய கரைக்கும். நீங்க மோட்டார் போட்டு இறைச்சு தண்ணி மட்டத்த வெறும் 10 சென்டிமீட்டர் கீழ கொண்டு வந்தா, கீழ இருக்கிற உப்புத் தண்ணி 4 மீட்டர் மேல ஏறும். மேல பார்க்கிறவனுக்கு ஒரு சாண் கூட குறையல, கீழ வீட்டு உயரத்துக்கு கடல் ஏறிடுச்சு. இதுலயும் இது புத்தக கணக்கு தான். நிஜத்துல நல்ல தண்ணிக்கும் உப்புத் தண்ணிக்கும் நடுவுல கோடு போட்ட மாதிரி எல்லை இருக்காது, அலையேத்தம் வத்தம் தினமும் ரெண்டையும் ஆட்டி கலக்கிக்கிட்டே இருக்கும், அந்த கலங்கின பகுதியே பல மீட்டர் இருக்கும். பவளத்தீவுல 15, 20 மீட்டருக்கு கீழ பழைய சுண்ணாம்புக்கல் வரும், அது ஓட்டை ஓட்டையா இருக்கிறதால கடல் தண்ணி அதுக்குள்ள தாராளமா போயிட்டு வரும், அதுக்கு கீழ நல்ல தண்ணிய எதிர்பார்க்கவே முடியாது. தீவோட அகலம் 250, 300 மீட்டருக்கு கம்மியா இருந்தா பல இடத்துல லென்ஸ் நிலைக்கிறதே இல்ல.

அதனால தான் தீவுல "தண்ணி வரலையா, இன்னும் ஆழமா போர் போடு"ங்கிற பழக்கம் வேலைக்கு ஆகாது. ஆழமா போனா கடல் தான். பால்ல ஆடை எடுக்கிற மாதிரி மேலாப்புல மெதுவா எடுக்கணும், ஸ்ட்ரா போட்டு அடியில உறிஞ்சினா ஆடை எப்படி வரும்? அகலமான, ஆழமில்லாத கிணறு, வாளி இல்லன்னா சின்ன மோட்டார், கொஞ்ச நேரம் இறைச்சுட்டு விட்டு திரும்ப ஊறின பிறகு இறைக்கிறது, இது தான் பழைய ஆளுங்க செஞ்சது, அவங்களுக்கு கைபன் யாருன்னே தெரியாது. ஊருக்கே பைப்புல கொடுக்கணும்னா கிடைமட்டமா ஓட்டை போட்ட குழாய்ங்கள தண்ணி மட்டத்துக்கு சரியா மணலுக்குள்ள நீளமா பதிச்சு, எல்லாத்தையும் நடுவுல ஒரு தொட்டிக்கு கொண்டு வந்து அங்க இருந்து இறைப்பாங்க. பசிபிக்ல இருக்கிற இன்னொரு நாடு கிரிபாட்டி, அதோட தெற்கு தராவால பான்ரிக்கி, புவோட்டாங்கிற ரெண்டு இடத்துல இப்படி தான் எடுக்கிறாங்க. ஒரே இடத்துல பலமா இழுக்காம நீளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா இழுக்கிறதால உப்பு கூம்பா மேல எழும்பி வர்றது குறையும்.

உப்பு கலக்க ரொம்ப வேணாம். நூறு லிட்டர் நல்ல தண்ணில ரெண்டு மூணு லிட்டர் கடல் தண்ணி சேர்ந்தாலே வாய்ல கரிக்கும். நாக்குக்கு தெரியிறதுக்கு முன்னாடியே தெரியணும்னா டிடிஎஸ் மீட்டர் (தண்ணில கரைஞ்ச உப்பு எவ்ளோன்னு காட்டுற கருவி) ஒண்ணு வாங்கி வாராவாரம் ஒரே நேரத்துல, முடிஞ்சா ஒரே அலை நிலைல, கிணத்து தண்ணிய அளந்து நோட்டுல எழுதி வைக்கிறது நல்லது, நம்பர் மெல்ல மெல்ல ஏறிட்டே போச்சுன்னா இறைக்கிறத குறைக்கணும்.

உப்ப விட மோசமான இன்னொரு விஷயம் இருக்கு, அத பேச யாருக்கும் பிடிக்காது. கழிவறை. மணலுக்குள்ள மழை எப்படி சட்டுனு எறங்குதோ அதே மாதிரி செப்டிக் டேங்க் தண்ணியும் எறங்கும், ரெண்டும் போய் சேர்ற இடம் ஒண்ணு தான். பெரிய நிலத்துல கிணத்துக்கும் கக்கூஸ் குழிக்கும் இவ்ளோ அடி இடைவெளி விடுன்னு சொல்ற விதி எல்லாம் பவள மணல்ல போதாது, ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரத்துக்கு நடந்தே பத்து நிமிஷம் ஆகாத தீவுல எங்க போய் இடைவெளி விடுறது? மாலத்தீவுல 1978ல காலரா பரவினது, மாலே நகரத்துல ஜனம் பெருகி லென்ஸ வத்த வத்த இறைச்சது, இதெல்லாம் சேர்ந்து தான் அவங்கள 1988ல கடல் தண்ணிய குடிநீராக்குற வழிக்கு தள்ளுச்சு. ஃபுனாஃபுட்டிலயும் நிலத்தடி தண்ணி குடிக்கிற தரத்துல இல்ல, கூரை தண்ணிய மட்டும் நம்பி இருந்தாங்க, அதனால தான் 2011ல அவ்ளோ சீக்கிரம் கை வறண்டுச்சு. அடியில இருந்த பாத்திரத்துல ஏற்கனவே அழுக்கு விழுந்தாச்சு, மேல இருந்த பாத்திரம் சின்னது.

இப்ப மேல இருக்கிற பாத்திரத்துக்கு வருவோம், கூரையும் தொட்டியும். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு லிட்டர், இத மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டா போதும், மீதி கணக்கு தானா வரும். 100 சதுர மீட்டர் கூரை, வருஷத்துக்கு 1,500 மில்லிமீட்டர் மழை, சிந்தினது சிதறினது போக 80 சதவீதம் பிடிக்கிறோம்னு வச்சா 1,20,000 லிட்டர். 365ஆல வகுத்தா ஒரு நாளைக்கு சுமார் 329 லிட்டர், அஞ்சு பேருக்கு ஆளுக்கு சுமார் 66 லிட்டர், அடடா தாராளம்னு தோணும். ஆனா வீட்ல இருக்கிறது 1,000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க். 12.5 மில்லிமீட்டர் மழைலயே அது ரொம்பிடும். ஒரு ராத்திரில 50 மில்லிமீட்டர் கொட்டினா 4,000 லிட்டர் வரும், 3,000 லிட்டர் வழிஞ்சு கடலுக்கு போயிடும். மழை நின்னதும் சிக்கனமா ஆளுக்கு 40 லிட்டர்னு செலவழிச்சாலும் ஒரு நாளைக்கு 200, அஞ்சு நாள்ல டேங்க் காலி. நாலு மாசம் மழை வராத இடம்னா 24,000 லிட்டர் தொட்டி வேணும். கூரை அதே கூரை, மழை அதே மழை, தொட்டி மட்டும் தான் வித்தியாசம். அதனால ஒரு தீவுக்கு வருஷத்துக்கு எவ்ளோ மழைன்னு கேக்குறத விட தொடர்ந்து அதிகபட்சம் எத்தன நாள் மழை இல்லாம இருந்திருக்குன்னு கேக்குறது தான் உருப்படியான கேள்வி.

இந்த கணக்க சட்டமாவே போட்ட ஊர் அட்லாண்டிக் கடல்ல இருக்கிற பெர்முடா தீவு. அங்க ஆறு இல்ல, ஏரி இல்ல. படி படியா வெட்டின வெள்ளை சுண்ணாம்புக்கல் கூரை தான் அந்த ஊரோட முகமே, படம் எடுக்கிறவங்க அழகுக்கு கட்டினதுன்னு நினைப்பாங்க. அந்த படி வேகமா ஓடுற மழைய தணிச்சு வாய்க்காலுக்கு திருப்புது, சுண்ணாம்பு பூச்சு கிருமிய ஓரளவு மட்டுப்படுத்துது, வீட்டுக்கு அடியிலயே தொட்டி. 1951ல போட்ட விதிப்படி கூரையில அஞ்சுல நாலு பங்காவது மழை பிடிக்கணும், பிடிக்கிற ஒவ்வொரு 10 சதுர அடிக்கும் 100 கேலன் (ஒரு கேலன் சுமார் 4.5 லிட்டர்) தொட்டி கட்டணும். நம்ம 100 சதுர மீட்டர் வீட்டுக்கு இத போட்டு பார்த்தா கிட்டத்தட்ட 39,000 லிட்டர் வருது. அங்க மழை வருஷம் பூரா பரவலா பெய்யும், அப்படி இருந்தும் இவ்ளோ பெரிய தொட்டி. மாசக்கணக்கா காயிற தீவுல இருந்துகிட்டு 1,000 லிட்டர் டேங்க நம்புறது எவ்ளோ ஆபத்துன்னு நீங்களே பார்த்துக்கோங்க.

வீடு மட்டும் தான் கூரைன்னு இல்ல. மார்ஷல் தீவுகள்ல மஜுரோ விமான நிலையத்தோட ரன்வே மேல விழுற மழைய வாய்க்கால் வழியா பிடிச்சு பக்கத்துல இருக்கிற பெரிய குட்டைகளுக்கு அனுப்பி, அத சுத்தம் பண்ணி ஊருக்கு தர்றாங்க. தீவுலயே பெரிய கெட்டி தரை அது தானே. அங்கயும் எல் நினோவுக்கு (லா நினாவுக்கு நேர் எதிர், கடல் சூடாகுறது) அப்புறம் 2016ல வறட்சி வந்து அவசரநிலை போட வேண்டியதாச்சு, பசிபிக்ல இது ஒரு கொடுமை, லா நினா ஒரு கூட்டத்த காய விடும், எல் நினோ இன்னொரு கூட்டத்த காய விடும். மலை இருக்கிற தீவுன்னா இன்னொரு வழி உண்டு, மூடுபனி. கேனரி தீவுகள்ல எல் இயேரோங்கிற தீவுல கரோவேன்னு ஒரு மரம் இருந்துச்சாம், பனி மேகம் இலைல பட்டு சொட்டுற தண்ணிய அடியில குழி வெட்டி பிடிச்சு அந்த ஊர் ஜனங்க குடிச்சாங்க, 1610ல ஒரு புயல்ல அது சாஞ்சுடுச்சு. தட்டையான பவளத்தீவுல இதுக்கு வாய்ப்பே இல்ல, சும்மா ஞாபகம் வந்துச்சு சொன்னேன்.

தொட்டி வச்சா மட்டும் ஆகாது, பராமரிப்பு இருக்கு. வெயில் காலம் முடிஞ்சு வர்ற முதல் மழைல கூரைல இருக்கிற பறவை எச்சம், தூசி, காஞ்ச இலை, கடல் காத்துல படிஞ்ச உப்பு எல்லாம் கரைஞ்சு வரும், ஒவ்வொரு மழைலயும் முதல் 1 மில்லிமீட்டரயாவது, அதாவது 100 சதுர மீட்டருக்கு 100 லிட்டர, தனி குழாய்ல வெளிய விட்டுடணும். தொட்டிக்குள்ள வெளிச்சம் போகக்கூடாது, போனா பாசி. எல்லா வாய்க்கும் கொசுவலை, ஓவர்ஃப்ளோ பைப்ப மறந்துடுவாங்க, அதுக்கும் தான். எடுக்கிற குழாய் அடியில இருந்து கொஞ்சம் மேல இருக்கணும், சேறு கீழயே இருக்கட்டும்.

சரி, கடல் தண்ணிய குடிநீராக்குற மெஷின் இருக்கே, அத வாங்கி வச்சுட்டு நிம்மதியா இருக்கலாமேன்னு கேப்பீங்க. முதல்ல ஒரு குழப்பத்த தீர்த்துடுறேன், வீட்டு சமையல்கட்டுல மாட்டுற ஆர்ஓ கடல் தண்ணிக்கு ஆகாது. கடல் தண்ணிய மெம்பிரேன்ங்கிற மெல்லிசான சவ்வு வழியா தள்ள 55ல இருந்து 70 பார் வரைக்கும் அழுத்தம் வேணும், கார் டயர்ல இருக்கிறத விட 25, 30 மடங்கு. நூறு லிட்டர் கடல் தண்ணி விட்டா 40 லிட்டர் சுமாருக்கு தான் நல்ல தண்ணி வரும், மீதி 60 லிட்டர் இன்னும் உப்பேறி வெளிய வரும், அத கிணத்து பக்கமா விட்டீங்கன்னா கத முடிஞ்சுது. பெரிய பிளாண்ட்ல 1,000 லிட்டருக்கு 3, 4 யூனிட் கரண்ட் ஆகும், சின்ன மெஷின் இன்னும் அதிகமா தின்னும். கரண்ட் கூட பரவால்ல, சோலார் போட்டு சமாளிக்கலாம், ஆனா ஃபில்டர், ஹை பிரஷர் பம்போட சீல், மெம்பிரேன், இதெல்லாம் தெரிஞ்ச ஒரு ஆள், இது எல்லாமே கப்பல்ல தான் வரணும். கப்பல் மூணு வாரத்துக்கு ஒரு தடவ வர்ற தீவுல ஒரு ரப்பர் வளையம் தேஞ்சா கூட மூணு வாரம் தாகம் தான்.

பெரிய ஊருக்கும் இதே நிலைமை தான். 2014 டிசம்பர் 4ஆம் தேதி மாலேல கடல் தண்ணி சுத்திகரிப்பு பிளாண்ட்ல தீ பிடிச்சு கன்ட்ரோல் பேனல் எரிஞ்சு போச்சு. ஒரு லட்சம் பேருக்கு மேல இருக்கிற நகரம், அன்னிக்கே குழாய் நின்னுச்சு. இந்தியா விமானப்படை விமானத்துலயும் கடற்படை கப்பல்லயும் தண்ணி அனுப்புச்சு, ஆபரேஷன் நீர்னு பேர், சீனாவும் அனுப்புச்சு. மெஷின் கெட்டதுன்னு இத சாதாரணமா எடுத்துக்க முடியாது, அது தினமும் ஊத்திக்கிட்டே இருந்ததால வேற பாத்திரம் தேவையே இல்லன்னு ஆகிப்போச்சு, அடியில இருந்த லென்ஸ் ஏற்கனவே கெட்டுப்போச்சு. என்னைக் கேட்டா மெஷின் வேணும், ஆனா கூரையும் கிணறும் நல்லா இருக்கிறப்பவே வாங்கணும், அது ரெண்டும் போன பிறகு வாங்கினா நம்ம உசுரு ஒரு பேனல் போர்டுல தொங்கும்.

கப்பல்ல தண்ணி கொண்டு வர்றதும் புதுசு இல்ல. பசிபிக்ல இருக்கிற நவுரு தீவுல பாஸ்பேட் ஏத்த வர்ற கப்பல் ஒரு காலத்துல வெறுமனே வராம எடைக்கு தண்ணி நிரப்பிட்டு வரும், அத இறக்கிக்குவாங்க.

தண்ணிய கூட்ட முடியலன்னா வேலைய பிரிக்கணும். குடிக்க, சமைக்க கூரை தண்ணி, குளிக்க துவைக்க லேசா கரிக்கிற கிணத்து தண்ணி, மீதிக்கு கடல். ஹாங்காங்ல 1950கள்ல இருந்தே கழிவறைக்கு கடல் தண்ணி தான், தனி பைப்லைன், இன்னிக்கு 80 சதவீதத்துக்கு மேல பேருக்கு அது போகுது. 1963ல அங்க நாலு நாளைக்கு ஒரு தடவ நாலு மணி நேரம் மட்டும் தண்ணி விட்ட காலம் எல்லாம் இருந்துச்சு. ஆனா இத அப்படியே காப்பி அடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க, ஹாங்காங்ல கழிவு சாக்கடை குழாய்ல போயிடும், உங்க தீவுல ஒழுகுற செப்டிக் டேங்க்னா நீங்களே தினமும் உப்புத் தண்ணிய தூக்கிட்டு வந்து லென்ஸ் தலைல ஊத்துற மாதிரி ஆகிடும். இரும்பு பைப், பித்தளை வால்வு எல்லாம் அரிச்சுடும், பிளாஸ்டிக் தான் தாங்கும். கடல்ல குளிச்சுட்டு கடைசில ஒரு மக்கு நல்ல தண்ணி ஊத்திக்கலாம், சோப்புக்கட்டி நுரைக்காது, ஷாம்பு நுரைக்கும். துணிய கடல் தண்ணிலயே அலசி முடிச்சா உப்பு ஈரத்த இழுத்து துணி காயாம பிசுபிசுன்னு இருக்கும், கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணி வேணும்.

இதுல நம்ம கைல இல்லாத ஒண்ணு, கடல் தானா ஏறி வர்றது. 2005ல பெர்சி புயல் வந்தப்போ குக் தீவுகள்ல புகாபுகா மேல அலை ஏறி லென்ஸ்ல உப்பு எறங்குச்சு, திரும்ப குடிக்கிற நிலைக்கு வர சுமார் 11 மாசம் ஆச்சு. கடல் மட்டம் ஏறுறதால இந்த மாதிரி அலை அடிக்கடி வரும், ரெண்டு அலைக்கு நடுவுல லென்ஸ் ஆற நேரம் கிடைக்காது, தரை முங்குறதுக்கு ரொம்ப முன்னாடியே தண்ணி போயிடும்னு மார்ஷல் தீவுகள்ல ராய்-நமூர்ங்கிற தீவ வச்சு 2018ல வந்த ஆய்வு சொல்லுச்சு. அலை வந்துட்டு போன பிறகு பதட்டத்துல மோட்டார் போட்டு கிணத்த இறைச்சு இறைச்சு கொட்டுவாங்க, 2004 சுனாமிக்கு அப்புறம் கடலோர கிணறுகள்ல இப்படி செஞ்சு பார்த்ததுல பல இடத்துல உப்பு குறையல, கீழ இருந்து இன்னும் கொஞ்சம் மேல வந்துச்சு. குப்பைய, சேத்த எடுக்கிற அளவுக்கு ஒரு தடவ மெதுவா இறைச்சுட்டு விட்டுடணும், மீதிய மழை தான் கழுவணும். அது வரைக்கும் குடிக்க கூரை தண்ணியும் வெளிய இருந்து வர்றதும் தான்.

வீட்டு அளவுல நான் பார்த்ததுல ரொம்ப உதவுறது ஒரு சாதாரண விஷயம், தொட்டிக்குள்ள விட்டு பார்க்க ஒரு கோலு, இல்லன்னா வெளிய பெயிண்ட்ல மூணு கோடு. பாதிக்கு வந்தா செடிக்கு ஊத்துறது, துவைக்கிறது நல்ல தண்ணில கிடையாது, கிணத்துக்கு மாறணும். கால்வாசிக்கு வந்தா குளியலும் மாறணும். அதுக்கு கீழ இருக்கிற கோடு குடிக்க சமைக்க மட்டும், அந்த அளவ எத்தன நாளைக்கு வரும்னு கணக்கு போட்டே கோடு போடணும், அடுத்த கப்பல் வர்ற நாள விட அது அதிகமா இருக்கணும். ராத்திரி படுக்கிறப்போ ஒரு தடவ, காலைல யாரும் குழாய தொடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ அளந்தா எங்கயாவது ஒழுகுதான்னும் தெரிஞ்சுடும். இந்த கோட்ட எங்க போடுறதுன்னு தொட்டி ரொம்பி வழியிறப்பவே வீட்ல எல்லாரும் உக்காந்து பேசி முடிச்சுடுங்க, காஞ்ச பிறகு பேச ஆரம்பிச்சா யார் போன வாரம் ரெண்டு வாளி கூட எடுத்தாங்கங்கிற சண்டைலயே அந்த வாரமும் போயிடும்.